அரை டிக்கெட் முடிஞ்சா பெரியவங்களா?

ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிக்கிறேன்.

13 வயசு பொண்ணு. ராத்திரி ஒரு மணி. தெரியாத ஊரு ஏர்போர்ட். தோள்ல ஒரு பை, சார்ஜ் தீரப்போற ஒரு போன், ஹோட்டல்ல தங்கிக்கோன்னு கம்பெனி கொடுத்த ஒரு சீட்டு. இவ குழந்தையா, பெரியவளா?

"இதெல்லாம் ஒரு கேள்வியாய்யா, குழந்தைதான்"னு சொல்றீங்கல்ல? நானும் அப்படித்தான் நினைச்சிட்டு இருந்தேன். விமான கம்பெனி அப்படி நினைக்கலை.

அந்தப் பொண்ணு என் அக்கா மக. ஓசூர்ல எட்டாவது முடிச்சவ. மே மாச லீவுக்கு எங்கம்மா கூட மும்பைல இருக்கிற என் தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தா. தங்கச்சிக்கு பிரசவம், அதனால அம்மா அங்கேயே தங்கிட்டாங்க. ஜூன்ல ஸ்கூல் திறக்குது, இவளை மட்டும் தனியா அனுப்பணும். விமானத்துல குழந்தைங்களை தனியா அனுப்பினா கூட்டிட்டுப் போய் ஒப்படைக்கிற ஏற்பாடு இருக்கேன்னு தங்கச்சி போன் போட்டு கேட்டா. அந்தப் பக்கம் இருந்து வந்த பதில்: "மேடம், 12 வயசு தாண்டியாச்சு. அவங்க அடல்ட். தனியாவே போகலாம், அந்த சர்வீஸ் அவங்களுக்குக் கிடையாது."

சரி, ரெண்டு மணி நேரத்துக்குள்ள வந்து சேரப் போறா, இதுல என்ன இருக்குன்னு டிக்கெட் போட்டாச்சு. ராத்திரி 9 மணி விமானம்.

பெங்களூர் பக்கம் மே மாசக் கடைசி சாயந்திரம் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். இடி, மின்னல், ஊத்து ஊத்துன்னு ஊத்துற மழை. நானும் அக்காவும் தேவனஹள்ளில நின்னுட்டு இருக்கோம், விமானம் இறங்க முடியாம சென்னைக்குத் திரும்பிடுச்சு. அங்க காத்திருந்து காத்திருந்து, பைலட்டோட டூட்டி நேரம் முடிஞ்சுது. இனி காலைல 7 மணிக்குத்தான்னு சொல்லி எல்லாரையும் இறக்கி விட்டுட்டாங்க. நல்ல மனசு பண்ணி ஹோட்டலும் கொடுத்தாங்க, அதை குத்தம் சொல்லலை. ஆனா ஹோட்டல்ல 18 வயசுக்குக் கீழ இருக்கிற பொண்ணுக்கு தனியா ரூம் கொடுக்க மாட்டோம்னுட்டாங்க. அவங்க சொல்றதும் நியாயம்தான்!

பாருங்க கூத்தை. கம்பெனிக்கு இவ பெரியவ, ஹோட்டலுக்கு இவ குழந்தை. நடுவுல ராத்திரி ஒரு மணி.

அதே விமானத்துல வந்த தும்கூர்க்கார அம்மா ஒருத்தங்கதான் காப்பாத்தினாங்க. ஓசூர்ல வளர்ந்த பிள்ளைக்கு கன்னடம் தண்ணி பட்ட பாடு. அது ஒரு வகைல உதவுச்சு. அவங்களும் ஹோட்டலுக்குப் போகாம, இவளோட ஏர்போர்ட் நாற்காலியிலேயே விடிய விடிய உட்கார்ந்திருக்காங்க. நான் வண்டியை எடுத்துக்கிட்டு சென்னைக்கே கிளம்பறேன்னு நின்னேன். அவங்கதான் போன்ல, "350 கிலோமீட்டர் இந்த மழையில வராதீங்கப்பா, காலைல ரெண்டு பேரும் ஒண்ணாவே வந்துடறோம்"னாங்க. அக்கா விடியற வரைக்கும் தேவனஹள்ளில நடைபாதை ஓரமா உட்கார்ந்திருந்துச்சு. ஒரு காபி கூட குடிக்கலை.

எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. ஆனா அது ஒரு அம்மாவோட நல்ல மனசுல முடிஞ்சுது, எந்த விதியாலயும் இல்ல. அந்த இடத்துல வேற யாராவது இருந்திருந்தா..? அதை யோசிச்சுத்தான் இவ்வளவு நீளமா எழுதறேன்.

இனி விதி என்ன சொல்லுதுன்னு பாப்போம்.

நம்ம நாட்டு கம்பெனிங்க பொதுவா வச்சிருக்கிற ஏற்பாடு இதுதான். 5 வயசுக்குக் கீழ தனியா ஏத்த மாட்டாங்க. 5ல இருந்து 12க்குள்ள இருந்தா, தனியா வர்ற குழந்தைன்னு தனியா ஒரு சர்வீஸ். முன்கூட்டியே சொல்லணும், அதுக்குக் கட்டணம் உண்டு. அனுப்பறவங்க பேரு, போன் நம்பர், அங்க கூட்டிட்டுப் போறவங்க பேரு, போன் நம்பர் எல்லாம் ஒரு படிவத்துல எழுதி கையெழுத்து போடணும். விமானம் கிளம்பற வரைக்கும் அனுப்பறவங்க ஏர்போர்ட்லயே இருக்கணும். உள்ள ஒரு ஊழியர் கையைப் பிடிச்சு கூட்டிட்டுப் போவாங்க, விமானத்துல பணிப்பெண் கிட்ட ஒப்படைப்பாங்க, இறங்கின ஊர்ல படிவத்துல இருக்கிற அதே ஆளு அடையாள அட்டையைக் காட்டினாத்தான் குழந்தையைக் கொடுப்பாங்க.

அருமையான ஏற்பாடு. இது எவ்வளவு நல்லா வேலை செய்யும்ங்கிறதுக்கு நம்ம பக்கத்துலயே ஒரு உதாரணம் இருக்கு. 2020 மே 25, ஊரடங்குல ரெண்டு மாசம் நின்னு போன உள்நாட்டு விமானங்கள் திரும்ப ஓட ஆரம்பிச்ச முதல் நாள். டெல்லில தாத்தா பாட்டி வீட்ல மாட்டிக்கிட்ட 5 வயசுப் பையன் தனியா பெங்களூர் வந்து இறங்கினான். மூணு மாசம் கழிச்சு அம்மாவைப் பாக்கறான். மஞ்சள் சட்டை, முகக்கவசம், கையுறை, கையில 'ஸ்பெஷல் கேட்டகரி'ன்னு எழுதின ஒரு அட்டை. அந்தப் படத்தைப் பார்க்காதவங்க அன்னிக்கு இருந்திருக்க முடியாது. நாடே பதறிக்கிட்டிருந்த நேரத்துல 5 வயசுப் பையனை டெல்லில இருந்து கொண்டு வந்து அம்மா கையில கொடுத்துட்டாங்க.

அதே ஏர்போர்ட்டுக்கு வரவேண்டிய எங்க வீட்டுப் பொண்ணுக்கு ஒண்ணும் கிடையாது. ஏன்? அவளுக்கு 13.

இந்த 12ங்கிற கணக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு யோசிச்சா சிரிப்பா இருக்கு. நம்ம கவர்மெண்ட் பஸ்ல 5 வயசு வரைக்கும் இலவசம் (2022க்கு முன்னாடி 3 வயசு), 12 வரைக்கும் அரை டிக்கெட். ரயில்லயும் 5ல இருந்து 12க்குள்ளன்னா சின்னவங்க கணக்கு. அதுலயும் 2016 ஏப்ரல்ல இருந்து படுக்கை வேணும்னா முழு டிக்கெட்தான். விமானத்துலயும் உலகம் பூரா 'குழந்தை டிக்கெட்'னா 2 வயசுல இருந்து 12 ஆகறதுக்குள்ள. ஆக 12ங்கிறது காசு கணக்கு. அரை டிக்கெட் முடியற வயசு. அதுக்கு மேல முழு காசு வாங்கலாம்னு வச்ச கோட்டை, அதுக்கு மேல கவனிக்க வேண்டாம்னு சேர்த்து வச்சுட்டாங்க. என் வருத்தமே அதுதான்.

சட்டம் எங்கயாவது 12 வயசுல பெரியவன்னு சொல்லுதா? 2012ல வந்த போக்சோ சட்டத்துல குழந்தைன்னா 18 வயசுக்குக் கீழ. 2015 சிறார் நீதிச் சட்டத்துலயும் 18. எங்க ஊர் சிப்காட்ல ஏதாவது ஒரு கம்பெனி கேட்ல போய் 16 வயசுப் பையன் வேலை கேட்டு நிக்கட்டும். செக்யூரிட்டி ஆதார் கார்டை ஒரு பார்வை பாத்துட்டு "போய் படிப்பா"ன்னு திருப்பி அனுப்பிடுவாரு.

அட, விமானத்துக்குள்ளயே பாருங்க. அவசர வழிக் கதவு பக்கத்துல இருக்கிற சீட்டை சின்னப் பசங்களுக்குக் கொடுக்க மாட்டாங்க. அமெரிக்காவுல அதுக்கு 15 வயசு ஆகணும்னு விதியே இருக்கு. ஆபத்து நேரத்துல பதட்டப்படாம முடிவெடுக்கணும், அதுக்கு இந்த வயசு பத்தாதுன்னு அவங்களுக்கே தெரியுது. டிக்கெட் காசுக்குப் பெரியவ, கதவைத் திறக்க சின்னவ. நல்லா இருக்குல்ல? :-)

2024 ஏப்ரல்ல டிஜிசிஏ ஒரு நல்ல உத்தரவு போட்டுச்சு. 12 வயசு வரைக்கும் உள்ள குழந்தைங்களுக்கு, கூட வர்ற அப்பா அம்மாவுல ஒருத்தர் பக்கத்துலயாவது சீட் கொடுக்கணும்னு. வரவேற்க வேண்டியதுதான். ஆனா பாருங்க, அங்கயும் அதே 12. கூடவே அப்பா அம்மா இருக்கிற குழந்தைக்கு 12 போதும்னு வச்சுக்கலாம். யாருமே கூட இல்லாத பிள்ளைக்கும் அதே 12 போதுமா?

மத்த நாடுகள்ல எப்படின்னா, ஒரே மாதிரி இல்ல. அமெரிக்கன், டெல்டா, யுனைடெட் மூணுலயும் 5ல இருந்து 14 வரைக்கும் தனியா போனா இந்த சர்வீஸ் கட்டாயம். அமெரிக்கன், டெல்டா ரெண்டுலயும் 15ல இருந்து 17 வரைக்கும், வேணும்னா காசு கட்டி வாங்கிக்கலாம். ஐரோப்பாவுல 261/2004ன்னு ஒரு சட்டம். விமானம் ரத்தாகி, தாமதமாகி நிக்கும்போது தனியா வர்ற குழந்தைங்களை தனிக் கவனத்தோட பாத்துக்கணும், முதல்ல அவங்களை ஏத்தி அனுப்பணும்னு அதுல எழுதியே வச்சிருக்காங்க. அதே ஐரோப்பாவுல ரையன்ஏர், ஈஸிஜெட் மாதிரி மலிவு விலை கம்பெனிங்க 16 வயசுக்குக் கீழ தனியா வந்தா ஏத்தவே மாட்டாங்க. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2016ல இந்த சர்வீஸையே மூடிட்டாங்க.

சர்வீஸ் இருந்தா மட்டும் எல்லாம் சரியாயிடுமான்னா அதுவும் இல்ல. 2016 ஆகஸ்ட்ல டொமினிகன் குடியரசுல இருந்து கிளம்பின ரெண்டு 5 வயசுப் பசங்களை ஜெட்ப்ளூ கம்பெனி மாத்தி அனுப்பிடுச்சு. நியூயார்க் போக வேண்டியவன் பாஸ்டன்ல, பாஸ்டன் போக வேண்டியவன் நியூயார்க்ல. நியூயார்க்ல காத்திருந்த அம்மா கிட்ட வேற ஒரு பையனைக் கொண்டு வந்து நிறுத்தியிருக்காங்க. அந்தத் தாய் மனசு என்ன பாடு பட்டிருக்கும்! 2023 டிசம்பர்ல ஸ்பிரிட் கம்பெனி, ஃபோர்ட் மையர்ஸ் போக வேண்டிய 6 வயசுப் பையனை ஓர்லாண்டோல இறக்கிடுச்சு. பேப்பர் இருந்தா மட்டும் போதாது, பேப்பரைப் பாக்கற மனுஷன் ஒருத்தர் இருக்கணும்.

மனுஷன்னதும் எனக்கு எங்க ஊர் பஸ் ஞாபகம் வருது.

எனக்கு ஒம்பது வயசு இருக்கும். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்ட்ல அம்மா சேலம் பஸ்ல ஏத்தி விட்டு, "அண்ணே, பையன் தனியா வர்றான், சேலத்துல எங்கப்பா வந்து நிப்பாரு, கொஞ்சம் பாத்து இறக்கி விடுங்கண்ணே"ன்னு கண்டக்டர் கிட்ட சொல்லும். அவ்வளவுதான், அக்ரிமெண்ட் முடிஞ்சுது! கண்டக்டர் தன் சீட்டுக்குப் பக்கத்துலயே உட்கார வச்சுக்குவாரு. தர்மபுரில டீ குடிக்க இறங்கினா, "டேய் தம்பி, எங்கயும் இறங்கக் கூடாது"ன்னு மிரட்டிட்டுப் போவாரு. தொப்பூர் மலை இறங்கும்போது தூங்கி விழுந்தா தலையைத் தாங்கிக்குவாரு. சேலத்துல தாத்தா வரலைன்னா, டைம் கீப்பர் ரூம்ல உட்கார வச்சுட்டு, அவர் வந்து "இவன் என் பேரன்"னு சொன்னப்புறம்தான் வண்டியை எடுப்பாரு. ஒரு தடவை தாத்தாவுக்கு லேட்டாகி, பஸ்ஸே காத்திருந்துச்சு. பின்னாடி இருந்தவங்க எல்லாம் திட்டினாங்க. கண்டக்டர் அசையலையே!

விமான கம்பெனி காசு வாங்கிட்டு செய்யறதும் இதேதான். யார் அனுப்பறா, யார் வாங்கிக்கறா, வாங்கிக்கறவங்க வர்ற வரைக்கும் யார் பொறுப்பு. "நாங்கல்லாம் அந்தக் காலத்துல தனியாவே போனோம்"னு பெருமையா சொல்றவங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கறேன். நாம தனியா போகலை சார். கண்டக்டர் அண்ணன் கூட போனோம். அவரு நம்ம கிட்ட 12 ஆச்சா 13 ஆச்சான்னு கேட்கவும் இல்ல.

எதிர்க் கட்சிக்கும் நியாயம் இருக்கு, அதையும் சொல்லிடறேன்.

பதிமூணு பதினாலு வயசுப் பசங்களுக்கு கழுத்துல அட்டை மாட்டினா பிடிக்காது. என் அக்கா மகளே, "எனக்கு அதெல்லாம் வேணாம் மாமா, அசிங்கமா இருக்கும்"னுதான் சொல்லுவா. ஆள் போட்டா செலவு, அது டிக்கெட்லதான் வந்து விழும். ரொம்ப கெடுபிடி பண்ணினா, "எங்களால ஆகாது, 16க்குக் கீழ ஏத்த மாட்டோம்"னு ஐரோப்பா மலிவு விலை கம்பெனிங்க மாதிரி கதவை சாத்திடுவாங்க. அது இன்னும் மோசம். ராஞ்சில இருந்தும் புவனேஸ்வர்ல இருந்தும் வந்து ஓசூர்ல வேலை பாக்கறவங்க எத்தனை பேரு! அவங்க பிள்ளைங்க பல பேரு ஊர்ல தாத்தா பாட்டி கிட்ட. லீவுக்கு அந்தப் பிள்ளைங்க வரணும்னா, பெரியவங்களுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்க எல்லாராலயும் முடியுமா?

அதனால கட்டாயம் பண்ணுங்கன்னு நான் கேட்கலை. நான் கேட்கறது மூணே மூணு.

ஒண்ணு, 12ல இருந்து 18க்குள்ள இருக்கிறவங்களுக்கு, கேட்டா அந்த சர்வீஸைக் கொடுங்க. காசு வாங்கிக்கோங்க. "கிடையாது"ன்னு மட்டும் சொல்லாதீங்க.

ரெண்டு, சர்வீஸ் வாங்கினாலும் வாங்காட்டியும், 18க்குக் கீழ தனியா வர்றாங்கன்னு பயணிகள் பட்டியல்ல ஒரு குறி இருக்கட்டும். சாதாரண நாள்ல அந்தக் குறிக்கு வேலையே இல்ல. பிள்ளையும் கௌரவமா தனியா போய் இறங்கிக்கும்.

மூணு, விமானம் ரத்து, திருப்பி விடறதுன்னு ஆச்சுன்னா மட்டும் அந்தக் குறி வேலை செய்யணும். ஊழியர் ஒருத்தர் அந்தப் பிள்ளை கிட்ட போகணும். வீட்டுக்கு அவங்களே போன் பண்ணணும். ஹோட்டல் சீட்டைக் கையில கொடுத்து அனுப்பாம, கூட ஒரு ஆள் இருக்கிற இடத்துல உட்கார வைக்கணும். அடுத்த விமானத்துல முதல் சீட் அந்தப் பிள்ளைக்கு. இதுக்கு பெரிய செலவு இல்ல. ஒரு கண்டக்டர் அண்ணன் போதும்.

எங்களை மாதிரி எல்லை ஊர்க்காரங்களுக்கு இது இன்னும் முக்கியம். ஏர்போர்ட் எங்களுக்கு வேற மாநிலம். 2008 மே வரைக்கும் பழைய ஹெச்ஏஎல் ஏர்போர்ட்டாவது கிட்டக்க இருந்துச்சு. இப்ப அத்திப்பள்ளி தாண்டி, சில்க் போர்டு தாண்டி, ஹெப்பால் தாண்டி 75, 80 கிலோமீட்டர். "உங்க பிள்ளை இங்க நிக்குது"ன்னு போன் வந்தா உடனே ஓடிப் போக முடியாது. ஓசூருக்கே விமான நிலையம் வரும்னு 2024 ஜூன்ல சட்டசபைல அறிவிச்சாங்க, 2000 ஏக்கர்ல. பெங்களூர் ஒப்பந்தத்துல 150 கிலோமீட்டருக்குள்ள 2033 வரைக்கும் புது ஏர்போர்ட் கூடாதுன்னு ஒரு ஷரத்து இருக்கு. அது வரும்போது வரட்டும். அக்கா மக அதுக்குள்ள நிஜமாவே பெரியவளாயிடுவா.

அதுவரைக்கும் பிள்ளைங்களை தனியா அனுப்பறவங்களுக்கு, பட்டுத் தெரிஞ்சுக்கிட்ட நாலு விஷயம்:

1. கடைசி விமானத்துல போடாதீங்க. அது ரத்தானா ராத்திரி பூரா நடுவுல. பகல் விமானம்னா அடுத்தது ஒண்ணு இருக்கும். மே மாசம் பெங்களூர்ல சாயந்திர மழை, டிசம்பர் ஜனவரில விடியற்காலை பனி மூட்டம். ரெண்டையும் தவிர்த்து மத்தியானமா பாருங்க.

2. விமானம் மாற வேண்டிய டிக்கெட் வேண்டவே வேண்டாம். நேரா போறது மட்டும்.

3. போன் நம்பர்களை பேப்பர்ல எழுதி பையில வைங்க. போன் செத்துப் போனா எந்தப் பிள்ளைக்கும் நம்பர் ஞாபகம் இருக்கிறதில்ல. கூடவே 1098, குழந்தைங்களுக்கான உதவி எண். அடையாள அட்டையும் அதே பையில.

4. முக்கியமானது இது. ஏர்போர்ட் வாசல்ல சிஐஎஸ்எஃப் காவலரோட நம்ம எல்லை முடிஞ்சுடும், அதுக்கு மேல பிள்ளைதான் பேசணும். "எனக்கு 13 வயசு, நான் தனியா வந்திருக்கேன், எங்க வீட்டுக்குப் போன் பண்ணுங்க"ன்னு கூச்சப்படாம கவுண்டர்ல சத்தமா சொல்லச் சொல்லிக் கொடுங்க. எங்க பொண்ணு அன்னிக்கு அதைச் சொல்லலை. ஏன்டின்னு கேட்டேன். "என்னை அடல்ட்னு தானே மாமா டிக்கெட்ல போட்டிருக்கு, அதான் கேட்கக் கூடாதுன்னு நினைச்சேன்"னா.

அதுக்கு மேல நான் என்ன பேச?

உங்க வீட்டுப் பிள்ளைங்க தனியா போயிருந்தா, நல்லதோ கெட்டதோ, பின்னூட்டத்துல எழுதுங்க. இன்னொரு அக்கா நடைபாதைல உட்கார்ந்து விடிய விடிய காத்திருக்க வேண்டாம்.

டிஸ்கி: அந்த தும்கூர் அம்மாவை அடுத்த ஞாயித்துக்கிழமை ஓசூருக்குச் சாப்பிடக் கூப்பிட்டோம். வந்தாங்க. அக்கா மக இப்ப அவங்களை 'அஜ்ஜி'ன்னுதான் கூப்பிடறா. எங்கம்மாவுக்கு லேசா பொறாமை :-)